டர்போ காரில் ஐடிலிங் ஆடுதா? ஸ்ப்ரே, ஸ்கேனர், ஸ்மோக், பிரஷர் டெஸ்ட்: எது எதற்கு?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் இஜே இன்ஜின் மாதிரி, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரை வைத்து ஓடும் டர்போ காரில் இன்டேக், இன்ஜெக்டர், புளோ-ஆஃப் வால்வு (த்ராட்டில் மூடியதும் மிஞ்சும் டர்போ அழுத்தத்தை விடுவிப்பது) எல்லாம் மாற்றிய பிறகு ஐடிலிங் 500-க்கும் 1200 ஆர்பிஎம்முக்கும் நடுவே ஏறி இறங்கினால், லீக் இருக்கும் இடத்தில் அடித்தால் ஆர்பிஎம் மாறும் என்ற கணக்கில் முதலில் கை போவது கார்ப் கிளீனர் டப்பாவுக்குத்தான். டர்போ காருக்குக் கடைசியாக எடுக்க வேண்டியது அது.

கொதிக்கிற டர்போவுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் திரவத்தை அடிப்பது ஒரு ஆபத்து. இன்னொன்று, லீக் இருந்தாலும் ஆர்பிஎம் பெரிதாக மாறாது. ஐடில் கன்ட்ரோல் சமாளித்துவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஷார்ட் டெர்ம் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் அந்தக் கணத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) சட்டென்று இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்கு ஸ்கேனர் வேண்டும் எனும்போது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாமே!

ஸ்கேனர் லீக்கின் இடத்தைக் காட்டாது, கோளாறின் வகையைக் காட்டும். இன்ஜின் சூடானதும் ஏசியை அணைத்து, ஷார்ட் ட்ரிம், லாங் ட்ரிம் (ஓடி ஓடிப் பழகிய திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். ஐடிலில் +15%, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் வேக்குவம் லீக். இரண்டிலும் ஏறியே நின்றால் மாஃப் அளவீடு, ஃபியூயல் பிரஷர், அல்லது ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக். மாஃபைக் கழற்றி, அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டி ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் அமைப்பு) போட்ட காரில் இந்தக் கணக்கு செல்லாது: லீக்கில் வரும் காற்றையும் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பார்த்துவிடுவதால் ட்ரிம் ஏறாமல் ஐடிலிங் மட்டும் உயரும்.

வேக்குவம் லீக் என்று தெரிந்தால் ஸ்மோக் மெஷின்தான் சுத்தமான வழி. சுமார் 1 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். த்ராட்டில் மூடியிருக்கும் என்பதால் புகையை மேனிஃபோல்டின் வேக்குவம் ஹோஸ் வழியாக விடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் விட்டால் பாதி இடம் சோதிக்கப்படாது. இதன் குறை: பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) ஏறினால் மட்டும் வாய் திறக்கும் இன்டர்கூலர் கப்ளிங் இதில் தப்பிவிடும்.

அதற்கு பிரஷர் டெஸ்ட்: இன்டேக் வாயை அடைத்து உள்ளே காற்றழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. இஜே-யில் இது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். டர்போவுக்குப் போகும் இன்லெட் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் நுழைகிறது. மாற்றும்போது இழுத்துத் திணிக்கையில் கிழியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்ப்ரேயும் எட்டாது. அது மாஃபுக்குப் பின்னால் இருப்பதால், கிழிசலில் நுழையும் காற்று கணக்கில் வராது. டெஸ்டரை டர்போ வாயில் மாட்டினால் இந்த ஹோஸ் சோதனைக்கு வெளியே போய்விடும். மாஃப் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். ஹோஸில் சேரும், கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் பிசிவி, பிரீதர் குழாய்களை அடைக்காவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும். 5 பிஎஸ்ஐயில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். இன்லெட் ஹோஸுக்கு அதுவே போதும். இன்டர்கூலர் பக்கத்துக்கு 15 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் அப்போது டெஸ்டரை டர்போ வாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். எக்ஸாஸ்டில் லேசாகக் காற்று சீறினால் பயப்பட வேண்டாம், ஏதாவதொரு சிலிண்டரில் வால்வுகள் திறந்திருக்கும்.

பூஸ்டில் போய் கிளட்ச் மிதித்ததும் மட்டும் இன்ஜின் விழுந்து அணைகிறதா? காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வைச் சந்தேகியுங்கள். மாஃப் அளந்து பெட்ரோலும் ஒதுக்கிய காற்று வெளியே போவதால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிறது. கம்பெனியோடு வந்த, காற்றை இன்லெட்டுக்கே திருப்பும் வால்வை மாட்டி ஒரு சுற்று ஓட்டினால் தெரிந்துவிடும்.

நான்கு சோதனையிலும் நேராகச் சிக்காத ஒன்று, ட்யூனில் தவறாகப் போட்ட இன்ஜெக்டர் லேட்டன்சி (மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க ஆகும் நேரம்). ஐடிலில் இன்ஜெக்டர் துடிப்பு 1.8 மில்லி செகண்ட், அதில் திறக்க ஆகும் நேரம் 0.9 என்றால், 0.1 பிழையே பெட்ரோலை 11% மாற்றிவிடும். 10 மில்லி செகண்ட் துடிப்பில் அதே பிழை 1 சதவீதம்தான். அதனால்தான் ரோட்டில் நன்றாக ஓடும் கார் சிக்னலில் மட்டும் உதறும். ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு வோல்டேஜ் இறங்கியதும் ட்ரிம் நகர்ந்தால் லீக் தேடுவதை நிறுத்திவிட்டு, இன்ஜெக்டரோடு வந்த அட்டவணையில் 12 முதல் 14 வோல்ட் வரையுள்ள எண்களை ட்யூனில் இருப்பதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.