ஏற்காடு ஃபார்ம் ஸ்டே: எல்லாரும் சமம்னு சொல்ற இடம், 3 ஸ்டார்

சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ரெண்டு நாள் தங்குனோம், காபித் தோட்டத்துக்கு நடுவுல, சில்வர் ஓக் மரம் பூரா மிளகுக்கொடி, நல்ல அமைதி. இங்க முதலாளி தொழிலாளி கிடையாதுங்கறாங்க, எல்லாரும் சேர்ந்து சமைக்கணும், அவங்கவங்க தட்ட அவங்கவங்களே கழுவணும், கெளம்பும்போது உண்டியல்ல முடிஞ்சத போடலாம். மொத நாள் நைட்டு ஒரே பாய்ல உக்காந்து ராகிக்களியும் கீரைக்கடைசலும் சாப்பிட்டப்போ நெஜமாவே மனசு நெறஞ்சிருச்சு.

மறுநாள் விடிகாலைல பின்பக்கம் போனா ஒரு அக்கா தனியா அண்டா தேச்சுட்டு இருக்காங்க, குளிர்ல வெரலெல்லாம் வெடிச்சு கெடக்கு. நேத்து ஏன்க்கா எங்ககூட சாப்பிடலன்னு கேட்டேன், "நான் வேலைக்கு வர்றவ கண்ணு"ன்னாங்க. அப்பறம் களி எறங்கவே இல்ல.

1516ல இங்கிலாந்துக்காரர் தாமஸ் மோர் எழுதுன, எல்லாரும் சமமா வாழுற கற்பனை நாட்டப் பத்துன 'யுடோப்பியா' புத்தகத்துலயும் இதே கதைதான், காசு கிடையாது, தெனம் 6 மணி நேரம்தான் வேலை, ஆனா அங்கயும் அடிமைங்க இருக்காங்க. அதுக்கு வடலூர் எவ்வளவோ மேல, வள்ளலார் 1867ல ஏத்துன அடுப்பு இன்னும் எரியுது, பசின்னு வந்தா சோறு, அவ்வளவுதான்.

நடத்துறவங்களுக்கு ஒரே வேண்டுகோள், அந்த அக்காவுக்கும் பாய்ல எடம் போடுங்க, குடும்பத்தோட திரும்ப வர்றேன்.