நாற்பதுக்குப் பிறகு விமானியாக: டாலஸ் வட்டாரத்து இரண்டு பயிற்சிப் பள்ளிகள்

அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் பணிபுரியும் விமானி, 65 வயது நிறைந்ததும் அந்தப் பணியிலிருந்து விலகியாக வேண்டும் என்பது சட்டம். 2007 டிசம்பர் வரை இந்த வரம்பு 60ஆகவே இருந்தது. மென்பொருள் வேலையில் இருபதாண்டுகளைக் கழித்துவிட்டு, கிரீன் கார்டும் கைக்கு வந்த பின், நாற்பது வயதைத் தாண்டி விமானியாகப் புறப்படுபவருக்குப் பணத்தைவிட அரிதான மூலதனம் ஆண்டுகள்தான். சம்பளம், எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பது, தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா என்பவை அனைத்தும் நிறுவனத்தில் சேர்ந்த தேதியை வைத்து அமையும் பணிமூப்புப் பட்டியலைப் பொறுத்தவை என்பதால், பயிற்சியில் வீணாகும் ஒவ்வோர் ஆண்டும் பணிக்காலத்தின் கடைசியில் கிடைக்கவிருந்த, மிக உயர்ந்த சம்பளம் தரும் ஓர் ஆண்டைத் தின்றுவிடுகிறது. (ஒரே நாளில் ஒன்றாகச் சேர்பவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முன்னிடம் தரும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு, நரைத்த தலைக்கு இத்துறையில் கிடைக்கும் சலுகை அநேகமாக அது ஒன்றுதான்.) டாலஸ் நகரைச் சுற்றி நான் நேரில் ஆராய்ந்த இரண்டு பள்ளிகளை, இந்தக் காலக் கணக்கை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். நிர்வாகமும் பயிற்றுநர்களும் அடிக்கடி மாறும் தொழில் இது என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் தேடினாலும் இந்த இரு வகைப் பள்ளிகளையும் காணலாம்.

முதலாவது, பரபரப்பான விமான நிலையம் ஒன்றில் இயங்கும் பெரிய பள்ளி. வரிசையாக நிற்கும் புதிய செஸ்னா 172 விமானங்கள், அவற்றில் கார்மின் ஜி1000 மின்திரைக் கருவிகள், இரட்டை எஞ்சின் பயிற்சிக்குப் பைப்பர் செமினோல், சீருடை, தங்குமிடம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எதுவும் தெரியாமல் நுழைபவர் ஓராண்டுக்குள் வணிக விமானி உரிமமும் பயிற்றுநர் சான்றிதழும் பெற்று வெளியேறலாம் என்கிறார்கள். கட்டணம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அங்கே படிப்பவர்களோடு பேசியதில், வாரத்துக்கு ஐந்தாறு நாள் முழு நேரமும் வருபவருக்கு இந்த வாக்குறுதி பெரும்பாலும் பொய்க்கவில்லை என்றே தெரிந்தது. ஆனால் முழு நேரம் என்பதற்கு, இருக்கும் வேலையை முதல் நாளே விட்டுவிட வேண்டும் என்பது பொருள். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அது சிக்கலே இல்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் உள்ளவருக்கு, சம்பளம் நின்ற அதே மாதத்தில் வட்டியோடு கூடிய பயிற்சிக் கடன் தொடங்குவது சிறிய விஷயம் அல்ல.

இப்பள்ளி தன் விளம்பரங்களில் பெரிதாகச் சொல்வது, தான் பார்ட் 141 விதிகளின்படி அங்கீகாரம் பெற்றது என்பதை. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. இரண்டு விதித் தொகுப்புகளின் கீழ் பயிற்சியை அனுமதிக்கிறது. பார்ட் 141 பள்ளி முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டும். பார்ட் 61இல் பயிற்றுநரும் மாணவரும் தங்கள் வசதிக்கேற்பப் பாடங்களை முன்பின்னாக அமைத்துக்கொள்ளலாம். வணிக விமானி உரிமத்துக்கு முன்னதில் சுமார் 190 மணி நேரப் பறத்தல் போதும். பின்னதில் 250 மணி நேரம் தேவை. இந்த அறுபது மணி நேர வித்தியாசத்தைக் கேட்டு மயங்குபவர்கள் பலர். விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர 1,500 மணி நேரம் வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பின்னர் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக, 2013 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. எப்படியும் 1,500 மணி நேரத்தைச் சேர்த்தாக வேண்டியவருக்கு, தொடக்கத்தில் மிச்சமாகும் அறுபது மணி நேரம், பயிற்றுநராகச் சம்பளத்தோடு பறக்கத் தொடங்கும் நாளைச் சற்று முன்னே இழுக்கும், அவ்வளவே. வானூர்தியியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணி நேரம் போதும் என்ற சலுகையும் உண்டு. ஆனால் அதற்குரிய பல்கலைக்கழகத்தில் அப்படிப்போடு இணைந்த விமானப் பயிற்சியையும் பெற்றிருக்க வேண்டும். கிண்டியில் வாங்கிய பொறியியல் பட்டம் அதற்கு உதவாது. விற்பனைப் பிரிவு அலுவலர்கள் இந்த நிபந்தனையைத் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

கட்டணத்தை எப்படி வாங்குகிறார்கள் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட நான் கடுமையாகப் பார்த்தேன். இப்பள்ளியின் ஒப்பந்தப்படி ஒவ்வொரு கட்டத்தின் தொகையையும் முன்பணமாகச் செலுத்த வேண்டும். இடையில் விலகினால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்பதைச் சொல்லும் பத்தியை மூன்று முறை படித்தும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. நெவாடாவைத் தலைமையிடமாகக் கொண்டு பல மாநிலங்களில் கிளை பரப்பியிருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ், 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கதவடைத்துத் திவாலானபோது, பல்லாயிரம் டாலர் கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். அதற்குப் பிறகும் சிறிதும் பெரிதுமாகப் பள்ளிகள் மூடப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பறந்த மணி நேரத்துக்கு அன்றன்றே பணம் வாங்கும் பள்ளியே, என் கருத்தில், இரவில் நிம்மதியாகத் தூங்க விடும் பள்ளி. மொத்தமாகக் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது பள்ளி, டாலஸுக்கு வடக்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறிய விமான நிலையத்தில், ஒரு ஹேங்கரின் (விமானக் கொட்டகையின்) மூலையில் இயங்குகிறது. எனக்கு முன்பே பிறந்த செஸ்னா 172 விமானங்கள் சில, ஒரு பழைய சிமுலேட்டர், காபி இயந்திரம், சொந்த மெக்கானிக் ஒருவர். அந்த மெக்கானிக்தான் இப்பள்ளியின் ஆகப் பெரிய சொத்து. பள்ளி கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் தன் விமானங்களுக்கு நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாய ஆய்வு உண்டு. வெளியாரை நம்பியிருக்கும் பள்ளிகளில் ஓர் ஆய்வுக்காக விமானம் வாரக்கணக்கில் தரையில் கிடக்கும். இங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் அது திரும்பி வந்துவிடுகிறது. பள்ளியை விசாரிக்கச் செல்பவர் புத்தம்புதிய விமானத்தைக் காட்டும்போது வியந்து நிற்பதைவிட, கடந்த மாதம் ஒவ்வொரு விமானமும் எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்று கேட்பது பயன் தரும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பயிற்றுநர்கள் விஷயத்தில் இரு பள்ளிகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. பெரிய பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் 1,500 மணி நேரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். அது நிரம்பிய வாரமே விடைபெற்றுவிடுவார்கள். அதில் குற்றம் ஏதுமில்லை, நானும் பிற்பாடு அதையே செய்யத்தான் போகிறேன். ஆனால் பாதியில் புதியவர் வந்ததும், முன்பே முடித்த பாடங்களை அவர் மீண்டும் சோதித்துப் பார்ப்பார். அந்த மணி நேரங்களுக்கான பணம் நம் கையிலிருந்து போகும். சிறிய பள்ளியில் எனக்கு வாய்த்தவர் சரக்கு விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் கோட்பாட்டை விரைவாகப் பிடித்துக்கொண்டு, தரையிறக்கத்தில் கை பழக அதிக நேரம் எடுப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் உள்ள நாள்களைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ச்சியாகத் தரையிறக்கமே பழக்கினார்.

விலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய பள்ளி ஹாப்ஸ் மீட்டரின்படி கணக்கிடுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். பரபரப்பான ஓடுபாதையில் புறப்படக் காத்திருக்கும் இருபது நிமிடமும் அதில் சேரும். சிறிய பள்ளி டாக் மீட்டரின்படி வாங்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதுவும் மெதுவாகவே நகர்வதால், அதே பயிற்சிக்குக் கட்டணம் கணிசமாகக் குறைகிறது. மறுபக்கம், கோபுரத்தோடு வானொலியில் பேசிப் பழகும் வாய்ப்பு பெரிய பள்ளி மாணவருக்குத் தினந்தோறும் கிடைக்கிறது. சிறிய பள்ளி மாணவர் அதற்கென்றே அடிசன், மெக்கின்னி போன்ற நிலையங்களுக்குப் பறந்து போக வேண்டும். விமான நிறுவனத்தை நோக்கிச் செல்பவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

தேர்வாளர்களைப் பொறுத்தவரை பெரிய பள்ளிக்கே முதலிடம். எஃப்.ஏ.ஏ. நியமித்த தேர்வாளர்கள் நாடெங்கும் பற்றாக்குறையாக இருப்பதால், செக்ரைடு எனப்படும் இறுதிப் பறத்தல் தேர்வுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. பெரிய பள்ளி தன் மாணவர்களுக்காகத் தேதிகளை மொத்தமாகப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. சிறிய பள்ளியில் நாமே தொலைபேசியில் தேட வேண்டும். வசந்தத்தில் டெக்சஸின் இடிமழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து ஒரு தேதியைக் கலைத்துவிட்டால், அடுத்த தேதி வரும்வரை கற்றது மறக்காமலிருக்கப் பறந்துகொண்டே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். பள்ளிக்கு ஒரு டாலர் கொடுப்பதற்கு முன்பே. நாற்பது வயதுக்கு மேல் இது ஆறு மாதமே செல்லும். ஆண்டுக்கொரு முறை ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். நம்மவர்களிடம் பரவலாகக் காணப்படும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கதவை அடைத்துவிடுவதில்லை: மருந்தோடு அழுத்தம் 155/95க்குள் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். மாத்திரை எடுக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சிறப்பு அனுமதி தேவை. அதற்கான ஆவணப் பரிமாற்றம் பல மாதங்களை விழுங்கக்கூடும். பெரிய பள்ளி இச்சான்றிதழைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டது பாராட்டத்தக்கது; சிறிய பள்ளியில் எவரும் கேட்கவில்லை. குடியுரிமை பெறாதவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும்கூட, பயிற்சிக்கு முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும் என்பதை இரு பள்ளிகளும் சரியாகவே சொல்லின.

நான் சிறிய பள்ளியையே தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் பறந்துவிட்டு ஒன்பது மணிக் கூட்டத்தில் மடிக்கணினியோடு அமர முடிகிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தனி விமானி உரிமத்தையும் கருவிவழிப் பறத்தல் தகுதியையும் கடன் வாங்காமல் முடித்திருக்கிறேன். கோடையில் விடியற்காலையைத் தவிர வேறு நேரமும் சரிப்படாது. வெப்பம் ஏறினால் இந்தப் பழைய விமானங்கள் உயரமேற மறுக்கின்றன. ஆனால் இதே ஏற்பாட்டில் 1,500ஐயும் எட்டிவிடலாம் என்று எண்ணுபவருக்கு ஒரு கணக்கு: உரிமம் பெற்ற பின் நிரப்ப வேண்டியவை ஆயிரத்து இருநூற்று ஐம்பது மணி நேரம். முழு நேரப் பயிற்றுநர் மாதம் எழுபது மணி நேரம் பறந்தால் ஒன்றரை ஆண்டில் முடிப்பார்; வார இறுதிகளில் மட்டும் பறப்பவருக்கு ஐந்தாண்டுகள் ஆகும். ஆகவே வேலையை விட வேண்டிய நேரம் பயிற்சியின் தொடக்கத்தில் வருவதில்லை; பயிற்றுநர் சான்றிதழ் கைக்கு வரும் நாளில் வருகிறது. தன்னிடம் பயின்றவரைத் தானே பயிற்றுநராக அமர்த்திக்கொள்ளுமா என்று ஒவ்வொரு பள்ளியிடமும் கேட்பது இதனால்தான் முக்கியமாகிறது. பெரிய பள்ளி, இடம் இருந்தால் என்ற நிபந்தனையோடு ஆம் என்றது. சிறிய பள்ளியில் இப்போதைக்கு அத்தனை மாணவர்கள் இல்லை. அந்தக் கட்டத்தில் நான் பெரிய பள்ளியின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கக்கூடும்.

சிறிய பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானமும் இல்லை. விமான நிறுவனத்தில் பறக்கத் தேவையான உரிமத்துக்கு அவ்வகை விமானத்தில் ஐம்பது மணி நேரம் வேண்டும். அதில் பாதி வரை சிமுலேட்டரில் ஈடுசெய்யலாம். இரட்டை எஞ்சின் தகுதியை மட்டும் ஒரு வாரத்தில் முடித்துத் தரும் பள்ளிகள் டெக்சஸிலேயே இருக்கின்றன. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தால் போதும்.