பத்திரிகைத் துண்டு விவாகரத்து ஆகாது

கொழும்பில், அதுவும் புதுக்கடை நீதிமன்றப் பக்கம், விவாகரத்துக்காக அலைகிறவர்கள் இதை வாசியுங்கள்.

என் தங்கையின் கணவர் பிள்ளை பிறந்த கையோடு வீட்டைவிட்டுப் போனவர். இன்று எங்கே இருக்கிறார் என்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய தாய்க்கே தெரியாது. "ஆளைத் தேடத் தேவையில்லை தங்கச்சி, பேப்பரில் போட்டால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்" என்றார் ஒரு தரகர். சட்டத்தரணியின் லிகிதராம். பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. பிறகு ஒரு பத்திரிகைத் துண்டை லாமினேற் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அந்த அக்கறைக்கு மட்டும் குறைவில்லை. மறுமணத்துக்காக விவாகப் பதிவாளரிடம் போனபோதுதான் குட்டு உடைந்தது. இறுதித் தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி எங்கே என்று கேட்டார் அவர்.

துண்டில் வழக்கிலக்கம் இல்லை, நீதிமன்றத்தின் பெயர் இல்லை, பிரதிவாதி தோன்ற வேண்டிய திகதியும் இல்லை. காசு கொடுத்தால் யாரும் போடக்கூடிய நாலு வரி விளம்பரம். விசாரித்தால், வழக்கே தாக்கல் செய்யப்படவில்லை!

1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்புத்தான் கலைக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்ட பிறகு அழைப்பாணை பதிவுத் தபாலில் போகும். சேராவிட்டால் பிஸ்கல் எனப்படும் நீதிமன்ற அலுவலர் நேரில் கொண்டுபோவார். அவராலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் மாற்று முறைச் சேர்ப்பிப்புக்கு அனுமதி கேட்கலாம். கடைசியாக இருந்த வீட்டில் ஒட்டுவதா, பத்திரிகையில் போடுவதா என்பதை நீதிபதி கட்டளையிடுவார். அந்தக் கட்டளை இல்லாத விளம்பரத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பே கிடையாது. கட்டளைப்படி போட்டும் கணவர் வராவிட்டால் ஒருதலை விசாரணை நடக்கும்; அங்கேயும் வேண்டுமென்றே கைவிட்டுப் போனதை மனைவி சாட்சியம் சொல்லி நிரூபிக்க வேண்டும். தரகர் சொன்ன மூன்று மாதம் இதற்கெல்லாம் பிறகு வருவது: முதலில் கிடைக்கும் தீர்ப்பாணைக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கும் இடையில் குறைந்தது அவ்வளவு காலம் போக வேண்டும்.

பதிவாளர் கேட்காமல் விட்டிருந்தால் தங்கைமேல் இருதார மணக் குற்றமே விழுந்திருக்கும். ஆகவே யாராவது "பேப்பரில் போட்டாயிற்று" என்றால் முதலில் வழக்கிலக்கத்தைக் கேளுங்கள். அதை வைத்து நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சட்டத்தரணியை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வசதி குறைந்தவர்களுக்குப் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தங்கையின் வழக்கை இப்போது அவர்கள் வழியாகத்தான் தொடங்கியிருக்கிறோம்.