ஐசிபியோடு ஆறு வருடம்

முப்பரிமாண ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் என் அன்றாட வேலை. ஆறு வருடமாக அதற்கு ஐசிபியைத்தான் (Iterative Closest Point, அருகிலிருக்கும் புள்ளியைத் திரும்பத் திரும்பத் தேடிப் பொருத்தும் முறை) நம்பியிருக்கிறேன். பெஸ்லும் மெக்கேயும் 1992-இல் வெளியிட்ட முறை. ஒரு ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகிலிருக்கும் புள்ளியைத் துணையாகப் பிடிக்க வேண்டும். இந்த இணைகளின் தூரம் குறையும்படி ஸ்கேனைத் திருப்பி, நகர்த்தி, மறுபடி துணை தேட வேண்டும். அவ்வளவுதான். இத்தனை எளிய முறை இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

முதல் வருடம் நன்றாகவே அடிபட்டேன். கைப்பிடி உள்ள ஒரு கோப்பை, இரண்டு ஸ்கேன். பிழை 0.3 மி.மீ. என்று வந்ததும் சந்தோஷமாக மூடிவைத்துவிட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால் கோப்பைக்கு இரண்டு கைப்பிடி! உருளையான உடம்பு எந்தக் கோணத்தில் சுழன்றாலும் பொருந்திவிடுகிறது. இணைகளுக்கு நான் வைத்த தூர வரம்பு 2 மி.மீ. கைப்பிடிப் புள்ளிகள் அதைத் தாண்டிப் போனதால் கணக்கிலேயே வரவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டிய புள்ளிகளை நானே வெளியே தள்ளியிருக்கிறேன். அன்றிலிருந்து எத்தனை சதவீதப் புள்ளிகளுக்குத் துணை கிடைத்தது என்பதையும் பார்க்கிறேன். ஒரு ஸ்கேனுக்கு மஞ்சள், இன்னொன்றுக்கு நீலம் கொடுத்து ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் எதையும் சேமிப்பதில்லை.

ஆரம்ப நிலை தப்பாக இருந்தால் ஐசிபி பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு தவறான பொருத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நகராது. அதனால் முதலில் எஃப்பிஎஃப்ஹெச்: ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள வளைவை 33 எண்களில் சொல்லிவிடும். அதை ரான்சாக்கிடம் (தற்செயலாகச் சில இணைகளை எடுத்து, அதிகப் புள்ளிகள் ஒத்துப்போகும் பொருத்தத்தைத் தேடும் முறை) கொடுத்துத் தோராயமாகப் பொருத்தி, கடைசியில்தான் ஐசிபி, அதுவும் புள்ளிக்கும் எதிர்ப் பரப்பைத் தொடும் தளத்துக்குமான தூரத்தை அளக்கும் வகை. பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது. ஆனால் எல்லாமே பரப்பின் செங்குத்துத் திசையை நம்பி ஓடுவதால், அதைக் கணிக்க ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு தூரம் பார்ப்பது என்ற ஆரத்தில் சிக்கல். சின்னதாக வைத்தால் ஸ்கேனரின் இரைச்சல் உள்ளே வருகிறது, பெரிதாக வைத்தால் கூர்மையான விளிம்பு மழுங்குகிறது. எல்லாப் பொருளுக்கும் ஒத்துவரும் ஆரம் எனக்கு இன்றுவரை சிக்கவில்லை.

உடம்பு, கை போல வளைகிறவற்றுக்கு ஐசிபி உதவாது. அங்கே 2009-இல் வந்த வெப்பக் கருவக் குறியீட்டைப் (Heat Kernel Signature) பயன்படுத்துகிறேன். ஒரு புள்ளியில் வைத்த வெப்பம் பரப்பில் பரவும்போது அங்கேயே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் அளவு. பரப்பை இழுக்காமல் மடக்கினால் அது மாறாது. நல்ல முறைதான், இடது கையையும் வலது கையையும் மட்டும் அதனால் பிரித்தறிய முடியாது. எது இடது, எது வலது என்று இன்றும் நான்தான் மவுஸால் சொடுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.