செங்கல் புகைக்கூண்டுக்குள் பெல்லட் அடுப்புக் குழாய்: தக்கலைப் பட்டறை வேலை

ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் போட்டு விற்கிற வீடு எங்களுடையது. அடுக்களையில் தாத்தா காலத்துச் செங்கல் புகைக்கூண்டு. விறகை விட்டுவிட்டு, ஊதுவிசிறி வைத்த பெல்லட் (மரத்தூள் போன்றதை அழுத்திச் செய்த சின்னக் கட்டி) அடுப்பு வாங்கினோம். அடுப்பில் குறையே இல்லை. பொருத்த வந்த ஆள்தான் குழாயைக் கூண்டின் வாய்க்குள் கொஞ்சம் நுழைத்து, சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போய்விட்டார். சுவரில் கறுப்பு நீர் வடிந்தது, கண் எரிந்தது, பலகாரத்திலும் புகை வாடை. வாங்கினவர்கள் முகம் சுளித்ததுதான் தாங்க முடியவில்லை.

தக்கலையில் உள்ள வெல்டிங் பட்டறைக்காரர் வந்து கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கூண்டுக்குள் பார்த்தார். "அக்கா, இந்தப் புகையில விறகுப் புகை அளவு சூடு கிடையாது, விசிறிதான் தள்ளுது. இவ்வளவு அகலக் கூண்டுக்குள்ள போனதும் ஆறிப்போகும், ஈரமும் கரியும் செங்கல்ல ஒட்டும்" என்றார். சிமென்டை உடைத்தெடுத்து, கூரைமேலிருந்து வளையும் எவர்சில்வர் குழாயை அடிவரை இறக்கினார்கள். கீழிருந்து உச்சிவரை ஒரே நாலு அங்குலம், நடுவில் எங்கும் குறுகவில்லை. அடியில் சாம்பல் எடுக்க மூடி போட்ட T வடிவக் குழாய்த்துண்டு. விசிறி தள்ளுகிற புகை சின்ன இடுக்கிலும் வெளியே வரும் என்று ஒவ்வொரு இணைப்பிலும் சூடு தாங்கும் சிலிகான் வைத்தார்கள். அப்புறம் அடுப்பை எரியவிட்டு, ஊதுபத்தியைப் பக்கத்தில் பிடித்து, அதன் புகைக்கோடு நேராக எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம்.

குழாயை ஓட்டு முகட்டுக்கு மேலே உயர்த்தியதால் ஆடிக்காற்றிலும் புகை திரும்பவில்லை. சுவர் காய்ந்துவிட்டது, சிப்ஸில் தேங்காய் எண்ணெய் மணம் மட்டும்தான்.

குறையும் உண்டு. சொன்ன நாளில் வரவில்லை. சாரம் கட்டியதற்குத் தனியாக வாங்கினார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை. உச்சித் தொப்பியை மட்டும் தகரத்தில் போட்டார்கள். கடல்காற்று வீசுகிற ஊரில் அது ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிட்டது. அதையும் எவர்சில்வரில் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும், எரிகிற பெல்லட் உடனே அணையாது. குழாய் நேராக மேலே போவதால் புகை மெதுவாகவாவது ஏறுகிறது. ஆனாலும் விசிறிக்கு இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்துவிடுங்கள். அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் இருக்கும். சன்னலைச் சாத்திவிட்டு மட்டும் வேலை செய்யாதீர்கள்.