தகரக் கூரைமேல் ஒரு மணிக்கூடு: நியோ-6எம் ரிசீவரின் நீண்டநாள் பாவனை

நீலப் பலகையில் வரும் நியோ-6எம் என்கிற ஜிபிஎஸ் ரிசீவரை இடம் காட்டும் கருவி என்றுதான் வாங்குகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அதற்கு இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. கரண்டும் இணையமும் போய் வரும் இடத்தில் ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினிக்கும், அதன் வழியாகக் கமராப் பதிவுப் பெட்டிக்கும் அது நேரம் கொடுக்கும். பை 4 வரையான மாதிரிகளில் கரண்ட் போனபின் நேரத்தைக் காத்துவைக்க எதுவும் இல்லை. எழும்பும்போது பழைய நேரத்தோடுதான் எழும்பும். நீண்டநாள் ஓடவிட்டால் ஒன்று விளங்கும்: சிப் பிழை விடுவது குறைவு. பிழை வருவது அன்ரெனாவிலும் வயரிலும், எதை நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதிலும்தான்.

ரிசீவருக்குள் இருப்பது சின்னக் குவார்ட்ஸ் பளிங்கு. அது பத்து லட்சத்தில் அரைப் பங்கு பிசகினாலே ஒரு செக்கனில் அரை மைக்ரோ செக்கன் போய்விடும். அதற்குள் ரேடியோ அலை 150 மீற்றர் ஓடிவிடும். செய்மதியிலோ அணு மணிக்கூடு. 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து சிக்னல் இறங்க, செய்மதி உச்சியில் நின்றால் 67 மில்லி செக்கன், அடிவானத்தில் நின்றால் 86 வரை. நம் மணிக்கூடு ஒரு மைக்ரோ செக்கன் பிந்தினால் எல்லாச் செய்மதியும் ஒரே அளவாக 300 மீற்றர் கிட்ட நிற்பதுபோல் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே அளவு என்பதுதான் பிடி. இடத்துக்கு மூன்று, மணிக்கூட்டுப் பிசகுக்கு ஒன்று எனத் தெரியாதவை நாலு. ஆகவே செய்மதியும் நாலு வேண்டும். நேரத்தைக் கண்டுபிடிக்காமல் ரிசீவரால் இடத்தைச் சொல்லவே முடியாது. செய்மதியின் குறியீடு மில்லி செக்கனுக்கு ஒருமுறை திரும்ப வரும். அது எந்த மில்லி செக்கன் என்பதை, கூடவே வரும் செய்தியில் 6 செக்கனுக்கு ஒருமுறை உள்ள நேர முத்திரை சொல்லும்.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட நேரத்தைப் பாவிப்பவர் கோட்டைவிடுவது, ரிசீவர் அதை எழுத்து வரிகளாக அனுப்பும் சீரியல் வயரில். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன். 70 எழுத்து வரி ஒன்றுக்கு 70 மில்லி செக்கனுக்கு மேல். அதுவும் ஒவ்வொரு செக்கனும் ஒரே மாதிரி வராது. உண்மையான நேரம் இருப்பது பிபிஎஸ் என்கிற, செக்கனுக்கு ஒரு துடிப்பில். தயாரிப்பாளரான யூ-புளொக்ஸ் அதற்குச் சொல்லும் துல்லியம் 30 நனோ செக்கன். ஆனால் மலிவுப் பலகைகள் பலவற்றில் வெளியே எடுத்திருப்பது நாலே கால்கள். துடிப்புக் கால் அதில் இல்லை. பலகைமேல் உள்ள நியோ-6எம் மொடியூலின் 3ஆம் காலில் மெல்லிய வயரை ஈயம் வைத்து ஒட்டி, பையின் 12ஆம் காலுக்கு, அதாவது ஜிபிஐஓ 18க்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டு பக்கமும் 3.3 வோல்ற், இடையில் எதுவும் தேவையில்லை. யுஎஸ்பி வழியாகத் துடிப்பை எடுக்க நினைத்தால் மில்லி செக்கன் அளவில் ஆடும். அதற்கு இந்தப் பாடு வேண்டாம்.

கணினியின் நேரத்தைத் திருத்தும் குரோனி என்கிற மென்பொருளுக்குத் துடிப்பு "இப்போது" என்று சொல்லும், வரி "எந்தச் செக்கன்" என்று சொல்லும். ஏமாற்றுகிற பிழை இங்கேதான். வரி அரைச் செக்கனுக்கு மேல் பிந்தினால் துடிப்பு பக்கத்துச் செக்கனோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நேரம் முழுதாக ஒரு செக்கன் தள்ளி நிற்கும், அறிக்கையைப் பார்த்தால் அசைவே இல்லாமல் அழகாக இருக்கும். தேவையில்லாத வரிகளை நிறுத்தி நேரமும் திகதியும் உள்ள ஆர்எம்சி வரி ஒன்றை மட்டும் விடுங்கள், வேகத்தை 38400 ஆக்குங்கள், இணையம் வரும் ஒரு நாளில் ஒப்பிட்டு வரியின் பிந்துகையைக் குரோனியில் எழுதிவிடுங்கள்.

ரிசீவர் எழும்பிய முதல் 12½ நிமிட நேரத்தை நம்பவேண்டாம். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6இல் தொடங்கியது, பூமியின் சுழற்சிக்கு ஒத்துப்போக உலக நேரத்தில் இடையிடையே கூட்டும் லீப் செக்கனை அது சேர்க்காது. 2017 ஜனவரி 1 முதல் உலக நேரத்துக்கு 18 செக்கன் முந்தி நிற்கிறது. இந்த 18ஐச் சொல்லும் பக்கம் முழுச் செய்தியில் 12½ நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை மொடியூல் தனக்குள் எழுதிய பழைய எண்ணைக் கழிக்கும். பிறகு திடீரெனச் சில செக்கன் குதிக்கும். பலகையிலுள்ள பொத்தான் பற்றரி நீண்டநாள் கரண்ட் இல்லாமல் இருந்தால் இறங்கிவிடும், அப்போது மறுபடி முதலிலிருந்து. இலங்கைக்கான 5:30ஐக் கூட்டுவது ரிசீவரின் வேலை இல்லை, கணினியின் வேலை. 1996 முதல் 2006 வரை நாட்டின் நேரம் ஒன்றாகவும் வன்னியின் நேரம் இன்னொன்றாகவும் இருந்ததால், அந்தக் காலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுபவர்கள் நேரவலயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

தகரத்துக்குக் கீழே வைத்தால் ஒன்றும் வராது. அதே தகரத்துக்கு மேலே வைத்தால் பிரமாதம்: 25 மில்லிமீற்றர் சதுர அன்ரெனாவுக்கு அடியில் உலோகத் தகடு இருப்பது நல்லது. கிடுகுக் கூரைக்குள் கோடையில் வேலை செய்யும், மாரியில் ஓலை நனைந்ததும் செய்மதிகள் ஒவ்வொன்றாகக் கழரும். தண்ணீர்த் தாங்கியிலிருந்து தள்ளி வையுங்கள். சிக்னல் பட்டுத் தெறித்து வந்தால் தூரம் கூடியதாகத் தெரியும், நேரமும் ஆடும். இணைப்பு மூட்டில் றப்பர் றேப் சுற்றாமல் விட்டால் ஒரு மாரியில் செம்பு பச்சை பிடிக்கும். வயரை அணில் கொறிக்கும், குழாய்க்குள் விடுங்கள்.

வயரில் சிக்னல் மீற்றருக்கு 5 நனோ செக்கன் பிந்தும். இந்த மொடியூலில் அதற்கு 50 என்று முன்பே போட்டிருக்கிறார்கள், அது 10 மீற்றருக்குச் சரி. துடிப்பும் சிப்புக்குள் உள்ள 48 மெகாஹேட்ஸ் அடிப்புக்கு ஒட்டியே விழுவதால் 21 நனோ செக்கன் படிகளில் துள்ளும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு வன்னி மிகக் கிட்ட என்பதால், பங்குனியிலும் புரட்டாசியிலும் பொழுதுபட்ட பிறகு வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் கலங்கி, சில செய்மதிகள் விட்டுவிட்டு வரும். இடத்தை ஒருமுறை அளந்து பூட்டிவைக்கும் நியோ-எம்8டி இங்கே கைகொடுக்கும். அதற்கு ஒரு செய்மதி தெரிந்தாலே நேரம் ஓடும். கமராவுக்கும் பதிவுக் கணினிக்கும் அதை வாங்குவது வீண்செலவு. பையே சில மைக்ரோ செக்கன் ஆடும்.

ஐப்பசி இடிமுழக்கத்தில் முதலில் சாவது அன்ரெனாவின் பெருக்கி. மொடியூலைக் குறைசொல்லமுன் அன்ரெனா வயரில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 5 முதல் 20 மில்லி அம்பியர் இருந்தால் உயிர் இருக்கிறது. பூச்சியம் என்றால் வயர் அறுந்தது அல்லது பெருக்கி போனது. அளவுக்கு மிஞ்சினால் மூட்டுக்குள் தண்ணீர்.