38,500 ரூபாய் போச்சு: மாடல் ரயில் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாடல் ரயில் கோச் செய்து தருகிறேன் என்று பணம் வாங்கிய ஆள் இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டான். 38,500 ரூபாய்! நம்ம ஊர் கோச் மாடலுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் யாரும் இவனைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆர்டர் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில், ஒரு நீல நிற ஐ.சி.எஃப். ரேக், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகை கோச்சுகள் கோத்த வரிசை, வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. பெரம்பூரில் 2018-லேயே அந்தப் பழைய வகை கோச் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ரயில் ரயிலாக எல்.எச்.பி. என்ற புது வகை கோச் வந்து அதை ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறது. மாடல் கடையில் ஜெர்மன் ரயில் கேட்டால் கிடைக்கும், நம்ம ஸ்லீப்பர் கோச் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளிநாட்டில் இருந்து தருவிக்கலாம் என்றால் பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆகிவிட்டது. சுங்கத்துக்கு மாடல் ரயிலும் பொம்மைதான். ஆக, வீட்டில் வைத்துச் செய்து விற்பவர்களை நம்பித்தான் ஆக வேண்டும். அவர்களில் அருமையான கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். இவன் அவர்கள் பிழைப்பிலும் சேர்த்து மண் அள்ளிப் போடுகிறான்.

போட்டோ பகிரும் செயலி ஒன்றில்தான் இவன் பக்கத்தைப் பார்த்தேன். விலை கேட்டு எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் விலையைச் சொல்லி அத்தோடு விட்டிருப்பார்கள். இவன், “அண்ணா, எந்த வருஷத்து கோச் வேணும்?” என்று கேட்டான். அங்கேதான் விழுந்தேன். கோச் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வருடம், கடைசி மூன்று இலக்கம் வகை, 201-லிருந்து 400 வரை ஸ்லீப்பர், அதற்கு மேல் 600 வரை ஜெனரல் என்று அவனாகவே விளக்கினான். ரயில் பைத்தியங்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி இது. இதைப் பேசுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை போகி (கோச்சுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), ஸ்பிரிங், கூரை வென்டிலேட்டர் என்று பேசிக்கொண்டே இருந்தோம். 2004-ஆம் வருட கோச்சுகளாக இருக்கட்டும் என்று முடிவானது.

மூன்று ஸ்லீப்பர், ஒரு ஜெனரல், ஒரு ஏ.சி. 3 டயர், ஒரு எஸ்.எல்.ஆர். (கார்டு, லக்கேஜ் பகுதிகளோடு வரும் கோச்). கோச் ஒன்று 5,500, ஆறுக்கு 33,000. உள்ளே விளக்கு வைக்க 5,500. மொத்தம் 38,500. பாதி முன்பணம். பிறகு, “முடிஞ்சது அண்ணா, பேக் பண்ணிட்டேன், மீதியைப் போட்டீங்கன்னா இன்னைக்கே கூரியர்” என்று பளபளவென்று ஒரு போட்டோ வந்தது. மீதியையும் யூ.பி.ஐ.யில் அனுப்பினேன். அந்தப் போட்டோ பெங்களூரில் ஒருவர் தனக்காகச் செய்துகொண்ட கோச் என்பது பிற்பாடு தெரிந்தது.

பணம் போன மறுநாளிலிருந்து ‘அண்ணா’ போய் ‘ப்ரோ’ ஆனது. மழை, பெயிண்ட் காயவில்லை ப்ரோ. கோச்சை அச்செடுக்கும் 3டி பிரிண்டரின் நாசில் அடைத்துக்கொண்டது ப்ரோ. கூரியர்காரன் வண்டி வரவில்லை ப்ரோ. முடிந்து பேக் செய்த பெட்டிக்குப் பெயிண்ட் எப்படிக் காயாமல் போகும் என்று கேட்டேன். இரண்டு டிக் நீலமானது, பதில் இல்லை.

கடைசியில் பார்சல் வந்தது. ஆறுக்கு நான்கு கோச். ஏ.சி.யும் எஸ்.எல்.ஆரும் இல்லை.

ஐ.சி.எஃப். கோச் உடல் 21.3 மீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் 24.5 சென்டிமீட்டர் வர வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 22 கூட இல்லை. ஜன்னலை எண்ணினேன். ஸ்லீப்பரில் 72 பெர்த், எட்டெட்டாக ஒன்பது தடுப்பு, பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல். இதில் பதினாறுதான். ஒரு தடுப்பையே விழுங்கிவிட்டான். அந்த எட்டுப் பயணிகளும் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே போவார்களா? உடம்பெல்லாம் பிரிண்ட் எடுத்த வரி அப்படியே தெரிகிறது, உப்புத்தாள் காட்டவே இல்லை. விளக்குக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அடியில் ஒரு பொத்தான் பேட்டரியை வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான், தீர்ந்தால் கோச்சை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று சொல்ல வேண்டும். நான்கு கோச்சிலும் ஒரே எண், 04215. ஜெனரல் கோச்சிலும் அதே! எனக்கு எண் பாடம் எடுத்தவன் இவன்.

சக்கரம் பிளாஸ்டிக், அச்சில் நிற்காமல் ஆடுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 14.4 மில்லிமீட்டர் போல இருக்க வேண்டும், இதில் இழுத்தால் ஒரு அளவு, தள்ளினால் ஒரு அளவு. தண்டவாளம் பிரியும் முதல் பாயிண்டிலேயே கவிழ்ந்தது. வீடியோ அனுப்பினேன். “உங்க டிராக் லெவல் சரியில்லை சார்” என்றான். இப்போது சார் ஆகிவிட்டேன். அதே டிராக்கில் என்னிடம் உள்ள கம்பெனி கோச்சுகள் ஒரு நாளும் தடம் புரண்டதில்லை.

வங்கியில், “நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே” என்று முடித்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன், புகாரைப் பதிந்துகொண்டு, பொருள் வந்திருக்கிறதே என்று இழுத்தார்கள். ஸ்டேஷனில், “பொம்மை ரயிலுக்கா 38,500?” என்று சிரித்தார் ஒருவர். பொம்மைக்கே கொடுத்திருந்தாலும் என் காசுதானே சார் அது!

சரி, சொன்னபடி எச்சரிக்கை. முழுப்பணம் கையில் பொருள் வராமல் கொடுக்காதீர்கள். போட்டோவை நம்பாதீர்கள், உங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, பாயிண்டில் கோச் ஓடுகிற வீடியோ கேளுங்கள். ஸ்கேல் வைத்து நீளம் காட்டச் சொல்லுங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. இன்னும் இருக்கிறது, எழுத இப்போது மனசு இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே பெங்களூர் போட்டோ, ‘புக்கிங் ஓப்பன்’. யாராவது அவனுக்கு முன்பணம் அனுப்பியிருந்தால் எனக்கு உடனே செய்தி போடுங்கள், ஆள் சேர்ந்து போனால்தான் ஸ்டேஷனில் காது கொடுப்பார்கள் போல.